லாபத்துக்குச் சோழி கிடையாது

மனிதர்களில் இலக்குக்காரர் என்று ஓர் இனம் உண்டு. எல்லா ஊரிலும் விளையும். தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம்.

இவரைக் காரியம் செய்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரண மனிதன் உடம்பு இளைக்க வேண்டும் என்று நினைத்தால் ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு தோசையைக் குறைத்துக்கொள்வான். இலக்குக்காரர் முதலில் எடை பார்க்கும் கருவி வாங்குவார், அப்புறம் அதற்குப் பேட்டரி வாங்குவார், அப்புறம் தீபாவளிக்குள் எட்டுக் கிலோ குறைக்கப்போவதாகச் சொந்தபந்தம், பழைய பள்ளிக்கூட சிநேகிதர்கள், குடியிருப்போர் சங்கம் என்று இருக்கிற வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் அறிவிப்பார், வந்து குவியும் கைதட்டல் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அந்தக் களைப்பில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடுவார். என்ன அண்ணாச்சி இது என்று கேட்டால், "ஆரம்பிச்சாச்சுல்லா!" என்பார். எது ஆரம்பித்தது? அறிவிப்பு ஆரம்பித்தது.

இந்த இனத்தின் நன்றாக முற்றிய உருப்படி ஒன்றைப் பார்க்க விரும்புகிறவர்கள் தூத்துக்குடிக்கு வாருங்கள். தேங்காய், கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்யும் செந்தூர்பாண்டி அண்ணாச்சி கடை எது என்று கேட்டால் ஆட்டோக்காரர் காட்டுவார். கடையில், சாக்குகளுக்கு நடுவே, இடது கையில் மட்டும் வெள்ளை உறை போட்டுக்கொண்டு ஒருவர் நின்று, குடையைத் தலைகீழாகப் பிடித்து, இல்லாத பந்து ஒன்றை விளாசிக்கொண்டிருந்தால், அவர்தான். அவருடைய இப்போதைய இலக்கு கோல்ஃப்.

தூத்துக்குடியில் கோல்ஃபா என்று வாயைப் பிளக்காதீர்கள். ஊருக்குத் தெற்கே, ஓர் ஆலைக் குடியிருப்பின் பின்பக்கம், உப்பளத்துக்கும் உடைமரக் காட்டுக்கும் நடுவில் ஒன்பது குழிகளோடு ஒரு மைதானம் இருக்கிறது. மற்ற ஊர்களில் குழியைச் சுற்றிப் பச்சைப் புல் வளர்த்திருப்பார்கள், அதற்கு 'கிரீன்' என்று பெயர். இங்கே எண்ணெய் தெளித்து அழுத்திய மணல்தான். அதற்கும் பெயர் கிரீன்தான். பேரில் என்ன இருக்கிறது? ஆடுகள் மட்டும் பேரை நம்பி வந்து ஏமாந்து போகும்.

ஆட்டம் ரொம்ப எளிது. சிறிய வெள்ளைப் பந்தை மட்டையால் அடித்து, தொலைவில் இருக்கும் குழிக்குள் விழ வைக்க வேண்டும். எவ்வளவு குறைந்த அடிகளில் விழ வைக்கிறீர்களோ அவ்வளவு கெட்டிக்காரர். ஒன்பது குழியையும் இரண்டு சுற்று சுற்றினால் ஓர் ஆட்டம். கூட்டிக் கூட்டியே பழகிய வியாபாரிக்கு, குறைந்தால்தான் ஜெயம் என்பது மண்டையில் ஏற ஒரு மாதம் பிடித்தது. ஏறிய மறுநாளே இலக்கு வைத்துவிட்டார்: நூறு அடிக்குள் ஓர் ஆட்டம்.

"இலக்கு இல்லாத மனுசன் சுக்கான் இல்லாத தோணி" என்பது அவருடைய மந்திரம். சரக்கு எடுக்க வருகிறவர்களிடம் சொல்வார், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சோடு சொல்வார். ஒருதடவை தேவமணியிடம் சொல்லி மாட்டிக்கொண்டார். தேவமணி, துறைமுகத்துக்குள் கப்பல்களை வழிகாட்டிக் கொண்டுவரும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மைதானத்தின் பழைய ஆட்டக்காரர். "சுக்கான் மட்டும் இருந்தா தோணி நகராது அண்ணாச்சி, பாயும் விரிக்கணும்லா?" என்றார். அண்ணாச்சி அன்று சாயங்காலமே புது மட்டை ஒன்று வாங்கினார். அதுதான் பாயாம்.

இலக்குக்காரரின் இரண்டாவது லட்சணம், அடித்துவிட்டுக் குறி வைப்பது. பந்து வலப்பக்கம் உடைமரத்துக்குள் போய் விழுந்தால், "அங்கனதான் குறி பாத்தேன், அங்கனயிருந்து குழிக்கு நேர்வழி" என்பார். உப்பளப் பாத்தியில் விழுந்தால், மேற்கேயிருந்து அடிக்கும் கச்சான் காற்றின் வேலை. காற்றே இல்லாத நாளில் விழுந்தால், காற்று இருக்கும் என்று நம்பி அடித்தது. ஆட்டம் முடிந்ததும் நேரே பேக்கரிக்குப் போவார்: வெற்றிக்கு மக்ரூன், தோல்விக்கு ஆறுதலாக மக்ரூன். எந்தப் பக்கம் பார்த்தாலும் பேக்கரிக்காரர் தோற்கவில்லை.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கிறேனே தவிர, ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஞாயிற்றுக்கிழமைக் காலை அந்த மைதானத்தில் நிற்கும்போது அண்ணாச்சி நிஜமாகவே சந்தோஷமாக இருந்தார். வாரத்தில் ஆறு நாளும், விலை என்ன, எப்போது லாரி வரும், காய் ஏன் சிறிசு என்று ஊரே அவரைப் பிடுங்கித் தின்னும். இங்கே ஒரு மயில் தலையைத் திருப்பிப் பார்க்கும், அவ்வளவுதான். அவருக்கு என்று உலகத்தில் இருந்தது அந்த ஒரு காலை.

அதைத்தான் மனுஷர் பந்தயத்தில் வைத்தார்.

மனைவி செல்வராணியின் தம்பி வேல்ராஜ் எட்டயபுரத்தில் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினான். பந்தியில் அத்தனை பேர் முன்னாலும், "அத்தான் ஒரு ஞாயித்துக்கிழமையாவது இந்தப் பக்கம் எட்டிப் பாக்காவளா?" என்று கேட்டுவிட்டான். வேறு மனிதராக இருந்தால் பாயாசத்தைப் புகழ்ந்து தப்பியிருப்பார். இலக்குக்காரருக்குக் கூட்டத்தைக் கண்டால் கை பரபரக்குமே!

"கேட்டுக்கோடே. இந்த வருசம் கோப்பைப் போட்டியில நூறுக்குள்ள முடிக்கேன். முடிக்கலியா, மட்டைப் பையைப் பரண்ல தூக்கிப் போட்டுட்டு, ஞாயித்துக்கிழமைதோறும் உன் வீட்டுலதான் சாப்பாடு!"

பந்தி கைதட்டியது. செல்வராணி மட்டும் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

வாய்க்கொழுப்பு என்று முழுக்கச் சொல்லிவிடவும் முடியாது. அண்ணாச்சியிடம் கணக்கு இருந்தது. தனியாக ஆடி ஆடி, நூற்று மூன்று, நூற்றிரண்டு என்று நெருங்கி வந்திருந்தார். எண்ணுவதற்கு அவருக்குச் சொந்த முறை. கால்சட்டையின் வலது பையில் ஒரு கை சோழி. ஓர் அடி அடித்தால் ஒரு சோழி இடது பைக்குப் போகும். பந்து குழிக்குள் விழுந்ததும் இடது பையை எண்ணிக்கொள்ள வேண்டியது. எண்ணும் வாய் பொய் சொல்லலாம், சோழி சொல்லாது என்பார்.

அண்ணாச்சி முதல்தடவையாகப் பெயர் கொடுத்த கோப்பைப் போட்டி நாள் வந்தது. போட்டியில் ஒரு விதி: அவரவர் அடியை அவரவர் எழுதிக்கொள்ள முடியாது. கூட ஆடுகிறவர்தான் எழுத வேண்டும். அண்ணாச்சியோடு ஆட வாய்த்தவர் தேவமணி.

முதல் குழி முடிந்தது. "ஏழு" என்று தேவமணி பென்சிலை எடுத்தார்.

"ஆறுல்லா!" அண்ணாச்சி இடது பையைக் கவிழ்த்துக் காட்டினார். ஆறு சோழி.

"ஏழு அண்ணாச்சி. நான் பாத்துக்கிட்டேதான வாரேன்."

"வயசாயிட்டு உமக்கு."

இரண்டாவது குழியில் தேவமணி ஆறு என்றார், சோழி ஐந்து என்றது. சத்தம் கொஞ்சம் உயர்ந்தது. மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று நிமிர்ந்து பார்த்தது. துறைமுகத்துக்குள் கப்பலைக் கொண்டுவந்த மனிதர் சண்டை போடவில்லை. மூன்றாவது குழிக்கு அண்ணாச்சி பந்தை எடுத்து வைக்கும்போது இரண்டடி தள்ளி நின்று கவனித்தார்.

இங்கே தேங்காய்க் கடையைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காய் எண்ணும்போது அண்ணாச்சி கடையில் யாரும் 'ஒன்று' என்று தொடங்குவதில்லை. முதல் காயை எடுத்ததும் 'லாபம்' என்பார்கள். அடுத்தது 'ரெண்டு', அதற்கடுத்தது 'மூணு'. நல்ல வார்த்தையோடு கணக்கு தொடங்கட்டும் என்று பெரியவர்கள் ஏற்படுத்திய பழக்கம். பிறந்ததிலிருந்து அப்படி எண்ணியவருக்கு வேறு மாதிரி எண்ண நாக்கு வளையாது.

அண்ணாச்சி பந்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கீழே வைத்தார். "லாபம்!" என்று பக்தியோடு சொல்லி விளாசினார். பந்து எழும்பிப் போவதை நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். நடந்து போய் அடுத்த அடி அடித்தார். "ரெண்டு." கை வலது பைக்குள் போய், ஒரு சோழியை எடுத்து இடது பையில் போட்டது. நாலாவது அடிக்கெல்லாம் வாய் எண்ணுவதை விட்டுவிட்டுக் கச்சானைத் திட்டத் தொடங்கிவிட்டது. கை மட்டும் தவறாமல் சோழி போட்டுக்கொண்டே வந்தது.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதிய" என்றார் தேவமணி மெதுவாக. "லாபத்துக்கு நீங்க சோழி போடலியே?"

"லாபத்துக்கு எதுக்குவே சோழி? அதுதான் லாபமாச்சே!"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். குழிக்கு ஒன்று. பதினெட்டுக் குழிக்குப் பதினெட்டு. நூற்றிரண்டு என்று மார்தட்டியது நூற்றிருபது. கடையில் லாபம் என்று எண்ணிய காயும் காய்தான், சாக்குக்குள் போகத்தான் செய்கிறது. அவர் கடையில் இதுவரை ஒருத்தருக்கும் ஒரு காய் குறைந்து போனதில்லை. மைதானத்தில் மட்டும், யாரும் பார்க்காத இடத்தில், தனக்குத்தானே இரண்டு வருஷமாக எண்ணிக்கை குறைத்து விற்றிருக்கிறார். அண்ணாச்சி மட்டைப் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது. இனி ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்று நினைத்தபோது, மைதானத்தை ஒருதடவை சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

"விட்டுட்டுப் போயிருவோமா?" என்று கேட்டார் தேவமணி.

"ஏன்வே, கடைசியா ஒருவாட்டி ஆடவிட மாட்டீரா?"

ஆடினார். லாபத்துக்கும் சோழி போட்டுக்கொண்டு ஆடினார். இதில் வேடிக்கை என்னவென்றால், எட்ட வேண்டியது ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு பந்து பிள்ளை மாதிரி சொன்ன பேச்சைக் கேட்டது. காற்றைத் திட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வரவில்லை. ஆட்டம் முடிந்து தேவமணி கூட்டிப் பார்த்தார். நூற்றுப் பதினேழு. அண்ணாச்சி பிறந்ததிலிருந்து இவ்வளவு நன்றாக ஆடியதில்லை.

தேவமணி குரலைத் தாழ்த்தினார். "பழைய கணக்குப்படி பாத்தா தொண்ணூத்தொம்பது வருது, அண்ணாச்சி. வீட்டுல அதையே சொல்லிருங்க. நான் மூச்சு விட மாட்டேன்."

நல்ல மனிதர்கள் கொடுக்கும் யோசனைதான் ஆளை ரொம்பப் படுத்தும். உப்பளங்களைத் தாண்டிக் காரை ஓட்டிக்கொண்டு வரும்போது அண்ணாச்சி சொல்லிப் பழகினார். தொண்ணூத்தொம்பது. சாதாரணமாகச் சொல்ல வேண்டும். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்ல வேண்டும். பொய்யா இது? சோழிக் கணக்கு. இத்தனை நாள் செல்லுபடியான கணக்கு இன்றைக்கு மட்டும் ஏன் செல்லாது?

வாசலில் செல்வராணி நின்றுகொண்டிருந்தாள்.

"எத்தனை?"

"தொண்ணூத்தொம்பது" என்றார், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"லாபம் சேத்தா, சேக்காமலா?"

ஒரு செருப்பு கையிலும் ஒரு செருப்பு காலிலுமாக அண்ணாச்சி நின்றார். கருப்பட்டி வியாபாரி மகளைக் கட்டியவர் யோசித்துப் பேசியிருக்க வேண்டாமா?

"சேக்காம."

"சேத்தா?"

"நூத்திப் பதினேழு."

"ம்" என்றாள் அவள். அவ்வளவுதான்.

"ஏளா, உனக்கு எப்பிடித் தெரியும்?"

"மொட்டை மாடியில நீங்க பழகும்போது துணி காயப் போடுதவ யாரு? மொத அடிக்குக் கை பைக்குப் போகலைங்கது அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லலியா?"

"ஞாயித்துக்கிழமை அங்கன போயிட்டு வந்தாத்தான் உங்க மூஞ்சி பாக்கும்படியா இருக்கு. அதை எதுக்குக் கெடுக்கணும்?"

அண்ணாச்சி இன்னொரு செருப்பையும் கழற்றினார். மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பரண் இருக்கும் பக்கம் நடந்தார். வாக்கு என்றால் வாக்கு.

"அதை எங்க கொண்டு போறிய?"

"பந்தியில சொன்னேன்லா. இனி ஞாயித்துக்கிழமை எட்டயபுரம்."

"நல்லாருக்கே! சொன்னது நீங்க, போயி உக்காரணும்னா நானும்லா வரணும்? வாராவாரம் அங்கன போயி, அந்தக் கிரானைட் எங்கயிருந்து வந்துது, இந்தக் கதவு என்ன மரம்னு எந்தம்பி சொல்லச் சொல்லக் கேக்க என்னால முடியாது. பையக் கீழ வைங்க."

அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உப்பும் வெயிலும் குடித்த அந்த முகத்தில் பல் எல்லாம் தெரிந்தது.

"ஆனா ஒண்ணு" என்றாள் செல்வராணி. "அடுத்த ஞாயித்துக்கிழமையிலயிருந்து நானும் வருவேன். நீங்க அடிங்க. நான் எண்ணுதேன்."

மலர்ந்த பல் மெல்ல உள்ளே போனது. இலக்குக்காரருக்கு எட்டயபுரம் பயமில்லை, உடைமரம் பயமில்லை. பக்கத்தில் நின்று எண்ணுகிற ஒருத்தர் வந்துவிட்டார் என்றால் பாதி உயிர் போய்விடும். ஆனாலும் இனத்தின் குணம் லேசில் விடுமா? காப்பி டம்ளர் கைக்கு வருவதற்குள் அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏளா, பங்குனி உத்திரத்துக்குள்ள நூத்திப் பத்து! என்ன சொல்லுத?"

"மொதல்ல காப்பியக் குடிங்க."

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். கோல்ஃப் மட்டையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை, நமக்கும் இதற்கும் என்ன என்று நினைக்கிறீர்கள். நேற்று எட்டாயிரம் அடி நடந்ததாக உங்கள் கைக்கடிகாரம் சொல்கிறதே, அதில் நாற்காலியில் சாய்ந்து விசிறியால் வீசிக்கொண்டது எத்தனை? திங்கட்கிழமையிலிருந்து சர்க்கரையை விட்டுவிட்டேன் என்கிறீர்களே, கல்யாண வீட்டில் சாப்பிட்ட ஜாங்கிரி எந்தக் கிழமையில் சேர்த்தி? எனக்குத் தெரியவேண்டாம். நீங்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள். போன வருஷம் வைத்த இலக்கில் இத்தனை தூரம் வந்துவிட்டேன் என்று, வீட்டில் எல்லாரும் இருக்கும் நேரமாகப் பார்த்து, கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். உள்ளேயிருந்து சத்தம் எதுவும் வரவில்லை என்றால் நீங்கள் வேறு இனம். சின்னதாக ஓர் இருமல் கேட்டால், வாருங்கள், நீங்களும் நம்ம ஆள்தான்.