காலில்லாத நாற்காலியும் லேசான வாழ்வும்

"அதுக்குக் காலே இல்லம்மா. தரையோட தரையா கிடக்கு. அது எங்க இடத்தை அடைக்குது?"

"அது அடைக்கல. அதுல படுத்துக்கிட்டு பேஸ்பால் பாக்கற நீங்க அடைக்கறீங்க. எந்திரிங்கப்பா!"

இது என்னோட காலில்லாத சாய்வு நாற்காலிக்காக எங்க வீட்டுல நடக்கற சண்டை. நம்ம கட்டிடத்துச் சுவரு மெல்லிசு, இதைப் படிக்கற பாதிப்பேர் ஏற்கெனவே கேட்டிருப்பீங்க. பொண்ணு பொறந்ததுலேர்ந்து நானும் என் வீட்டம்மா சட்சுகோவும் ஒருத்தரையொருத்தர் அப்பா, அம்மான்னுதான் கூப்பிட்டுக்கறோம். பொண்ணு கல்யாணம் பண்ணிக்கிட்டு நகோயாவுக்குப் போயிடுச்சு. அந்தப் பேரு மட்டும் எங்ககூட ஒட்டிக்கிச்சு.

மனுஷன் நெருப்பைக் கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் நடந்த மகத்தான காரியம்னா, அது நம்ம கூட்ட அறையில வேண்டாத சாமானைக் கழிக்கக் கத்துக்கொடுக்க குசுமோட்டோ டீச்சர் ஆரம்பிச்ச 'லேசான வாழ்வு வகுப்பு'தான். இதை நான் உறுதியா சொல்றேன்.

டீச்சர் எங்க வீட்டுக்கே 'பார்வையிட' வந்தாங்க. அலமாரியைத் தொறந்து, ஆஸ்பத்திரில நோயாளியைப் பாக்கற மாதிரி முகத்தை வச்சுக்கிட்டாங்க.

"இந்தப் பொருள் உங்களுக்கு வேலை செய்யுதா, நீங்க இதுக்கு வேலை செய்யறீங்களா?"

"நாற்காலிக்கு நான் என்னங்க வேலை செய்யறேன்?"ன்னு கேட்டேன்.

"தொடைக்கறது நான்"ன்னாங்க அம்மா.

பெரிய சாமானைக் கழிக்கணும்னா நகராட்சிக்கு போன் பண்ணணும், காசு கட்டி வில்லை வாங்கி சாமான் மேல ஒட்டணும், அவங்க சொல்ற நாள் வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும். டீச்சருக்கு அதெல்லாம் பிடிக்காது. "தூக்கிப் போடாதீங்க. தேவைப்படற வீட்டுக்கு 'மரியாதையோட வழியனுப்புங்க'." என்ன உயர்ந்த சிந்தனை! வகுப்புல எல்லாருக்கும் கண்ணு கலங்கிடுச்சு.

அம்மா ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. வருஷக் கடைசி பெரிய துப்புரவுக்குள்ள அலமாரி காலியாயிட்டா நாற்காலி இருக்கும். இல்லாட்டி அதுவும் வழியனுப்பப்படும்.

வேலைலேர்ந்து ஓய்வு வாங்கினப்புறம் இந்த வீட்டுல எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு நாற்காலி. உயிரைக் கொடுத்து இறங்கினேன். மொதல்ல ஆக்டோபஸ் உருண்டை சுடற சட்டியை கீழ் வீட்டு இனோகுச்சி-சானுக்குக் கொடுத்தேன். அந்த உருண்டைக்குப் பேர் போன ஊரு ஓசாகா, அங்க பொறந்தவன் கொடுக்கக் கூடாத பொருள்தான். கொடுத்தேன்.

மறுநாள் காலைல மணி அடிச்சுது. இனோகுச்சி-சான், கையில ஒரு பெட்டி.

"சின்னப் பொருள்தான். தப்பா நினைச்சுக்காதீங்க."

துண்டு. முகம் தொடைக்கிற ரெண்டு துண்டு, பட்டு மாதிரி காகிதத்துல.

ஒண்ணு வாங்கினா ஒண்ணு திருப்பிக் கொடுக்காம நமக்குத் தூக்கம் வருமா? வராது. பூ ஜாடிக்கு சோப்புப் பெட்டி வந்துச்சு. சோறு வேக வைக்கிற பழைய குக்கரை அஞ்சாவது மாடி ஹதனகா-சானுக்குக் கொடுத்தேன், "அப்புறமா வந்து மரியாதை செய்யறேன்"னு பயமுறுத்திட்டுப் போனாங்க. குடைக்குத் துண்டு. தையல் மெஷினுக்கு கடற்பாசி டப்பாவும் துண்டும். நான் எவ்வளவு வேகமா காலி பண்ணினேனோ, அலமாரி அவ்வளவு வேகமா ரொம்பிச்சு.

"அப்பா, அலமாரிக் கதவு சாத்த மாட்டேங்குது."

"துண்டை யாருக்காவது கொடுத்துடுவோம்மா."

"கொடுத்தா அதுக்கும் துண்டு வரும்!"

அலமாரி காலியாகப் போறதில்லைன்னு ஆயிடுச்சு, ஒப்பந்தப்படி நாற்காலி இனோகுச்சி-சான் வீட்டுக்குப் போச்சு. அவர் நாற்காலியோட முதுகைத் தடவிக்கிட்டு, "ஆகா, இதுக்குத்தான் ஏங்கிக்கிட்டு இருந்தேன்"னாரு. அவர் வீட்டம்மாவும் அதே வகுப்புக்குப் போறவங்கதான். அன்னைலேர்ந்து நான் தரையில உக்காந்து பேஸ்பால் பாத்தேன். மனசு ரொம்ப லேசா இருந்துச்சு. இடுப்புதான் கனமா இருந்துச்சு.

வருஷத்தோட கடைசி நாள். ஜன்னலைத் தொடைச்சுக்கிட்டு இருந்தப்ப மணி அடிச்சுது. ஹதனகா-சான், பெரிய துணில கட்டின ஒரு மூட்டையோட.

"குக்கருக்கு இத்தனை நாளா மரியாதை செய்யாம விட்டுட்டேன், மன்னிச்சுக்கணும். எங்களுக்கும் ஒருத்தர் அன்பா கொடுத்ததுதான்."

துணியைப் பிரிச்சாங்க. என் நாற்காலி! வலது பக்கம் நான் டீ கொட்டின கறை அப்படியே.

அம்மாவும் கறையைப் பாத்தாங்க. பதில் மரியாதையை வேண்டாம்னு சொன்னா அப்புறம் லிப்ட்ல எந்த முகத்தோட நிக்கறது? அம்மா தலையை நல்லாக் குனிஞ்சாங்க.

"எவ்வளவு அழகா இருக்கு! எங்க வீட்டுல இந்த மாதிரி ஒண்ணு இல்லையேன்னுதான் பேசிக்கிட்டு இருந்தோம்."

"ஆமா, தினமும் பேசினோம்"னேன் நான்.

கதவு சாத்தினதும் உக்காந்துட்டேன். அம்மா ஒரு துண்டை எடுத்து அந்தக் கறை மேல போட்டாங்க.

குசுமோட்டோ டீச்சர் வகுப்பு 'மாபெரும் வெற்றி'ன்னு அறிவிப்புப் பலகையில போட்டிருக்காங்க. வாழ்த்துக்கள். ஆனா உக்காந்த இடத்துலேர்ந்து ஒண்ணு சொல்றேன். நம்ம கட்டிடத்துல ஒருத்தர் கூட எதையும் விடல. நகராட்சிக்கு போன் பண்ணி வில்லை ஒட்ட சோம்பல் பட்டுக்கிட்டு, வேண்டாத சாமானை பக்கத்து வீட்டு வாசல்ல வச்சுத் தலை குனிஞ்சோம். அதுக்கு லேசான வாழ்வுன்னு பேரு வச்சுக்கிட்டோம்.

அந்த ஆக்டோபஸ் சட்டி இப்ப எந்த மாடில சுத்திக்கிட்டு இருக்கு? யார் வீட்டுல இருந்தாலும் இதுக்குக் கீழ பதில் போடுங்க. நீங்க கொண்டு வர வேண்டாம், நானே வந்து வாங்கிக்கறேன். சும்மா வர மாட்டேன். துண்டு இருக்கு.