கையசைத்தால் எரியும்

விளக்கு மறுபடியும் அணைந்தது. சிக்கனம் உட்கார்ந்தபடியே, மூலையில் கேமராவுக்குப் பக்கத்தில் இருந்த சென்சாரைப் பார்த்துக் கையை ஆட்டினார். எரிந்தது.

அரசுக் கட்டடங்களுக்கு மின்சார மேலாளர் பயிற்சி தொடங்கியபோது, 'இவர் இல்லாவிட்டால் வேலை ஓடாது' என்று யாரும் சொல்லாத ஒரே ஆள் என்பதால் இவரை அனுப்பினார்கள். சேர்ந்த ஜோரில், ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போதே தலைக்கு மேல் ஓடிய விசிறிகளை அணைத்துக்கொண்டே போனார். அன்றிலிருந்து பேர் சிக்கனம், இருக்கை அடித்தளத்துத் தனியறை. வீட்டிலும் தனி ஆள்தான். சில நாள் காலையில் சொன்ன 'குட்மார்னிங்'கோடு அன்றைய பேச்சு தீர்ந்துவிடும்.

இன்று அவருடைய அறையிலேயே செய்முறைத் தேர்வு. தேறினால் ஓர் உதவியாளர் தருவார்கள். எதிர் நாற்காலியில், பேசுவதற்கு ஓர் ஆள்! அதற்காக அவர் எதையும் செய்யத் தயாராக இருந்தார்.

ஆள் இருந்தால் எரிய வேண்டும், இல்லாவிட்டால் அணைய வேண்டும். சென்சாரின் வேலை அவ்வளவுதான். இதுவோ அவர் இருக்கும்போதே அணைந்தது. அசைவு போதவில்லையோ என்று மேசை விசிறிக்கு முன்னால் மழைக்கோட்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். கோட்டு பேயாட்டம் ஆடியது. விளக்கு அணைந்தது. விசிறி தின்ற மின்சாரம்தான் மீட்டரில் ஏறியது. எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார். எரிந்தது.

"உனக்கும் என்னைக் கண்டா ஆகலையா?" என்று சென்சாரிடமே கேட்டுவிட்டார்.

"யார்கிட்ட பேசறீங்க?" வாசலில் பயிற்சி ஆசிரியை நின்றார்.

"யாருமில்ல மேடம். வாங்க."

ஆசிரியை மீட்டரைப் பார்க்கக் குனிந்தார். விளக்கு அணைந்தது.

"என்னங்க இது? ரெண்டு பேர் முழுசா நிக்கிறோம்!"

"கொஞ்சம் கையாட்டணும் மேடம்."

ஆட்டினார். ஆசிரியையின் கைக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு கையையும் ஆட்டினார். அரையிருட்டு அப்படியே இருந்தது. சிக்கனம் தயங்கித் தயங்கி ஒரு கையை உயர்த்தினார். பளிச்சென்று எரிந்தது.

"உங்க கையை மட்டுந்தான் அதுக்குப் பிடிக்குமோ? இதை நான் எப்படித் தேர்ச்சின்னு எழுதறது?"

எதிர் நாற்காலியைப் பார்க்கவே சிக்கனத்துக்குப் பிடிக்கவில்லை.

சென்சாருக்குப் பக்கத்திலிருந்த கேமராவைக் கவனித்த ஆசிரியை, மேல்மாடிக் கேமரா அறைக்குப் போன் போட்டு ஆளை வரச்சொன்னார். வயதான காவலாளி ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். சிக்கனம் அவரை முன்பின் பார்த்ததில்லை. அவரோ சிக்கனத்தைப் பார்த்ததும் ரொம்ப நாள் பழகியவர்போலக் கையை ஆட்டினார்.

"இந்த சென்சார் ஏன் இப்படிப் பண்ணுது?" என்றார் ஆசிரியை.

"அதுக்கு இன்னும் ஒயரே இழுக்கலைங்க. அதுவரைக்கும் கேமராவுல பாத்து, ஆள் இல்லைன்னா மேல இருந்தே அணைக்கச் சொல்லியிருக்காங்க."

"ஆள்தான் இருக்காரே! அப்புறம் ஏன் அணைச்சீங்க?"

காவலாளி தலையைச் சொறிந்தார்.

"நாள் முழுக்கத் திரையப் பாத்துக்கிட்டுத் தனியா உக்காந்திருக்கேங்க. இந்தக் கட்டடத்துல எனக்குக் கையாட்டுறது சார் ஒருத்தர்தான். அணைச்சாத்தானே ஆட்டுறாரு!"