பின்வளவுக்கு நாடு கடந்த மன்னர்

உலகத்தில் எத்தனையோ மன்னர்கள் எத்தனையோ பேரை நாடு கடத்தியிருக்கிறார்கள். தன்னைத்தானே நாடு கடத்திக்கொண்ட மன்னர் ஒருவர்தான். அவர் என் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தார். கடந்த தூரம் ஒரு கிணறு, இரண்டு முருங்கை மரம்.

மன்னர் என்பது எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், சனம் வைத்த பெயர். மட்டக்களப்பில் ஒரு தியேட்டரில் நெடுங்காலம் டிக்கெட் கிழித்தவர். ஆனால் கோயிலில் முதல் மரியாதை வாங்குகிற குடி. டிக்கெட்டைக் கிழிக்கும்போதும் யாருக்கோ ஊர் எழுதிக் கொடுப்பது போலத்தான் கிழிப்பார்.

மனைவி போன பிறகு அவருக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். வாவியில் நண்டு பிடிக்கிற ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஒரு நாள் வேலிப் படலையில் வந்து நின்றாள். மன்னர் விறாந்தையில் எழுந்து, கையை நீட்டி முழங்கினார்.

"இந்த மாளிகையை விட்டு வெளியே போ!"

மகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். "அப்பா, வீடு என்ட பேரில கிடக்கு."

உண்மைதான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. அது முதலில் மன்னருடைய மாமியாருடையது, பிறகு மனைவியுடையது, இப்போது மகளுடையது. மகளுக்குக் கலியாணம் முடிந்தால் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால், பின்வளவில், சின்னதாக ஒன்று போட்டுக்கொண்டு ஒதுங்குவது வழக்கம். மன்னர் வாழ்நாள் முழுக்க அந்த மாளிகையில் விருந்தாளி. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதே கையால், அதுவரை உட்கார்ந்திருந்த சாய்மனைக் கதிரையைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார்.

"நான் போறன்! என்னை நானே நாடு கடத்துறன்!"

மருமகன் ஓடிப்போய்க் கதிரையின் ஒரு காலைப் பிடித்தான். "தொடாதே!" என்றது கதிரை.

அப்படித்தான் பின்வளவில் சும்மா கிடந்த ஓலைக் கொட்டிலில் அரசாட்சி தொடங்கியது. மகள் அனுப்பிய டிவியில் மாலை ஆறு மணிக்கு ஒரே சீடி. மன்னர் தியேட்டரில் வேலைக்குச் சேர்ந்த காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம். இளவரசி தோட்டக்காரனைக் கட்டுகிறாள், ராசா துரத்திவிடுகிறார், கடைசியில் ராசாவே குடிசை தேடிப்போய் மருமகன் கையால் கஞ்சி வாங்கிக் குடிக்கிறார். சபையில் நான் ஒருவன்தான். என் மனைவியும் போய்விட்டாள். பிள்ளைகள் மூன்று பேர், மூன்று நாட்டில். ஆறு மணிக்கு லைட்டைப் போட்டால் என் வீட்டில் எத்தனை அறை சும்மா கிடக்கிறது என்று தெரிந்துவிடும்.

நான் கணக்கு மாஸ்டர். படத்தையும் எண்ணித்தான் பார்ப்பேன். பெரும்படை வருகிறது என்பார்கள், எண்ணினால் பதினொரு பேர். அதில் ஒரு தொப்பைக்காரன் மூன்று தரம் வருவான்.

"மன்னர், இவன் அப்பவே செத்தவன்தானே?"

"பேசாமப் பாருங்க மாஸ்டர். ராசா கூப்பிட்டா செத்தவனும் எழும்பத்தான் வேணும்."

ராசா மகளைத் துரத்தும் இடத்தில் மன்னர் கைதட்டுவார். தட்டி முடிவதற்குள் முகம் வாடிவிடும். "ஆனா இது பிழை மாஸ்டர். அரண்மனை பொம்புளப் பிள்ளைக்குத்தானே? ராசாதான் பின்வளவுக்குப் போயிருக்கோணும். படம் எடுத்தவனுக்கு வழக்கம் தெரியா."

ராசா குடிசை வாசலில் குனிவார். டப். மன்னர் நிறுத்திவிடுவார். "இனி எல்லாம் பொய். சனத்துக்காக ஒட்டின முடிவு." கஞ்சிக் கோப்பை எங்களுக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை.

மருமகன் காலையில் வாவியிலிருந்து வந்ததும் நல்ல நண்டாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பான். மகள் கறியாக்கிக் கொட்டில் வாசலில் வைப்பாள். மன்னர் ஒருபோதும் மறுத்ததில்லை. வேலியால் எட்டிப் பார்த்து, "கப்பம் வந்திருக்கு மாஸ்டர், வாங்க!" என்பார். கால்களை எண்ணிப் பங்கு வைப்பது நான்.

மருமகனோடு பேச்செல்லாம் என் மூலம்தான், அவன் எதிரில் நிற்கும்போதே.

"கூரை ஒழுகுது எண்டு சொல்லுங்க மாஸ்டர்."

"நாளைக்குக் கிடுகு கொண்டாறன் எண்டு சொல்லுங்க சேர்."

தூது போய்த் தூது போய் எனக்குக் கழுத்து வலி வந்தது.

மார்கழி மழையில் வாவி ஏறி வளவுக்குள் வந்தது. கொட்டில் பள்ளத்தில் இருந்தது. நான் காலையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மகளுடைய விறாந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது கொட்டிலின் ஒரு சுவர் விழுந்துவிட்டது. உள்ளே மன்னர் கட்டிலுக்கு மேல் ஏற்றின கதிரையில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கதிரைப் பிரம்பைத் தொட்டது. நீந்தத் தெரியாதவர்.

"வாங்க அப்பா!" மகள் அழுதாள்.

"நாடு கடந்தவன் திரும்பி வாறதில்ல!"

மருமகன் தோணியை முருங்கை மரங்களுக்கிடையே தள்ளிக்கொண்டு போனான். போய்க்கொண்டே என்னைப் பார்த்துக் கத்தினான். "சேர், மாமா வீட்டுக்கு வர வேணாம் எண்டு சொல்லுங்க. தோணி வீட்டோட சேத்தி இல்ல எண்டு சொல்லுங்க."

மன்னர் யோசித்தார். சட்டத்தில் இடம் இருந்தது. கதிரையோடு ஏறினார்.

தோணியை விறாந்தைத் தூணில் கட்டினார்கள். அதற்கு மேல் இறங்க மாட்டேன் என்றுவிட்டார். மழைக்குள் மன்னர் சிம்மாசனத்தில். முழங்காலளவு தண்ணீரில் நின்று குடை பிடித்தவன் மருமகன். மகள் கஞ்சிக் கோப்பையை நீட்டினாள், எட்டவில்லை. அவன் வாங்கி அவரிடம் நீட்டினான்.

நாங்கள் பார்க்காமல் நிறுத்துகிற காட்சி இது என்று எனக்குத் தட்டியது. மன்னருக்கும் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். டப்பென்று நிறுத்த அங்கே பொத்தான் இல்லை.

கோப்பை அவன் கையிலேயே இருந்தது. அவனுடைய விரல்கள் ஊறி வெளிறிப்போயிருந்தன. மன்னர் அவற்றையே பார்த்தார்.

"விடியத்தில இருந்து தண்ணிக்க நிக்கான். ஏதும் திண்டானா எண்டு கேளுங்க மாஸ்டர்."

தூதர் வேலையை அந்த இடத்தில் விட்டுவிட்டேன். மழை பெய்துகொண்டே இருந்தது.

"நீ சாப்பிட்டியா மகன்?"

"இல்ல மாமா."

"அப்ப முதல் நீ குடி."

அவன் பாதி குடித்தான். மிச்சத்தை மன்னர் குடித்தார். பிறகு அவன் கதிரையை உள்ளே தூக்கிக்கொண்டு போனான். கதிரை ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் மருமகனுக்கு வாழைச்சேனையில் பெரிய போட் ஒன்றில் வேலை கிடைத்தது. மகள் அங்கே உள்ள பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் எடுத்தாள். மன்னரும் கூடவே போனார். சமாதானம் முடித்துவைத்த தூதருக்கு மிஞ்சியது பூட்டின வீடும் இரண்டு முருங்கை மரமும். போகும்போது சீடியை என் கையில் வைத்தார். "இனி எனக்கென்னத்துக்கு மாஸ்டர்?"

போனில் பேசுவார். "இஞ்ச கப்பம் பெரிய மீன் மாஸ்டர். வாங்க." வாறன் என்பேன். மாற வேண்டிய பஸ் இரண்டு. வலிக்கிற முழங்காலும் இரண்டு.

ஆறு மணிக்கு இப்போது நான்தான் படம் போடுகிறேன், பக்கத்தில் இன்னொரு கதிரையும் போட்டுக்கொண்டு. ராசா குடிசை வாசலில் குனியும்போது நிறுத்திவிடுகிறேன். முடிவு எனக்குப் பிடிக்கும். ஆனால் படம் முடிந்தால் மன்னர் எழும்பிப் போய்விடுவாரே.