கம்ப்யூட்டரைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா

வட்டவளை
14.11.2004

பேரன்பும் மரியாதையும் உள்ள வீரம்மா அக்காவுக்குத் தம்பி அழகுமுத்து எழுதிக்கொண்டது. முருகன் புண்ணியத்தில் நாங்கள் மூவரும் சுகம். கொழும்பில் நீங்களும் மாமாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு இருமல் மட்டும் இருக்கிறது, அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

நீங்கள் வேலை செய்யும் வீட்டில் கழித்துக் கொடுத்த கம்ப்யூட்டரை, ஜனவரியில் பள்ளிக்கூடம் போகப்போகிற நம்ம ஜீவராணி எழுத்துப் படிக்கட்டும் என்று ரயிலில் அனுப்பினீர்கள். நல்ல மனசுதான். கூடவே வந்த சீடியின் உறையில், ‘பிள்ளையும் பெரியவர் ஒருவரும் சேர்ந்தே படிக்கவும்’ என்று போட்டிருந்தது. எட்டாம் வகுப்பு வரை படித்தவன் என்பதால் நானே உட்கார்ந்தேன். கம்ப்யூட்டருக்குள் ஒரு பச்சைக்கிளி வந்து வாழை மரத்தைக் காட்டி, ‘வா’வுக்குப் பிறகு எந்த எழுத்து என்று கேட்டது. நான் ‘ளை’ என்றேன், பிள்ளை அமுக்கியது. தவறு என்றது கிளி. ‘லை’ என்றேன். அதற்கும் தவறு. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் சிவசாமி ஜன்னலுக்கு வெளியே நின்று சிரிக்க, “அப்பா, கிளி ஒங்களையா ஏசுது?” என்று பிள்ளை கேட்டது. கிளி பழுது என்று சொல்லி எழுந்து, கொழுந்து பறித்துவிட்டு வந்த பேச்சியம்மாவைக் கூப்பிட்டேன்.

“நானே கைநாட்டு. என்னைய ஏன் கூப்புடுறீங்க?”

“ஒனக்கு ஒன்னும் தெரிய வேணாம். பெரியவங்கன்னு ஒரு ஆளு பக்கத்துல இருக்கணுமாம். சும்மா உக்காரு.”

அங்கேதான் அக்கா நான் பிழை விட்டேன். அவள் சும்மா உட்காரவில்லை. “அம்மா, இதுதான் ‘ம’. ரெண்டு பேரும் சேந்து அமுக்குவோம்” என்று பிள்ளை சொல்ல, இவளும் அமுக்க, கிளி கைதட்ட, அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. ஒரு மாதத்தில் தீப்பெட்டி, சவர்க்கார உறை என்று ஒன்றையும் விடாமல் கூட்டிப் படித்தாள். ஹட்டன் டவுனில் நான் பஸ் ஏறி வசதியாக உட்கார்ந்த பிறகு, “இது நுவரெலியா போறதுங்க, எறங்குங்க” என்றாள். பஸ் நிறைய ஆட்கள் அக்கா.

அதையும் பொறுத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் படித்துப் பழக வேறு தாள் இல்லாமல், பெட்டியில் இருந்த உங்கள் பழைய கடிதங்களை எடுத்துவிட்டார்கள். நான் வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தேன். “பே… பேச்சி… பேச்சியம்மாவையும் பிள்ளையையும் பதினைந்து நாள் என்னிடம் அனுப்பிவை, கடலைப் பார்க்கட்டும்” என்று உள்ளே சத்தம் கேட்டது. கோடரியை அப்படியே கீழே வைத்தேன்.

“இத நீங்க எனக்கு வாசிக்கலையே?”

“அந்த எடத்துல மை அழிஞ்சிருந்திச்சு.”

“அழியலையேப்பா,” என்றது பிள்ளை, “நல்லாத் தெரியுதே.”

உண்மையைச் சொல்கிறேன். அவர்கள் வந்துவிட்டால் எனக்கு யார் ஆக்கிப் போடுவது என்று அந்த வரியைத் தாண்டிவிட்டேன். நான் குடிப்பதைக் கண்டிக்கச் சொல்லி அவளுக்கு நீங்கள் எழுதியவற்றையும் ஆறு வருஷமாகத் தாண்டித்தான் வந்தேன். இப்போது எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஏழு நாளாக அவள் என்னோடு பேசுவதில்லை. பக்கத்திலேயே நின்றுகொண்டு, “ஜீவா, அப்பாவச் சாப்புட வரச் சொல்லு” என்கிறாள்.

ஆகையால், வீட்டுக்காரர்கள் திருப்பிக் கேட்கிறார்கள் என்று ஒரு கடிதம் போட்டு, கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொன்னதாக வேண்டாம். என் கையெழுத்தைத் தபால்காரரே திணறித்தான் வாசிப்பார் என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

கதிரேசன் சாமி உங்களுக்கும் மாமாவுக்கும் நோய்நொடி இல்லாத ஆயுசைத் தரட்டும்.

அன்புத் தம்பி,
அழகுமுத்து

பி.கு.: மதினிக்குப் பேச்சியம்மா எழுதுவது. சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டித் தபாலில் போடும்படி இதை என்னிடம்தான் தந்தார். நானும் ஜீவாவும் ஒரு பின்னேரம் முழுக்க உட்கார்ந்து வாசித்து முடித்தோம். கையெழுத்து கொஞ்சம் மோசம்தான். கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கட்டும். நாங்கள் வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறோம், கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்புங்கள். ஆம்பளைகளுக்குச் சோறாக்கச் சொல்லிக்கொடுக்கிற சீடி ஏதும் அங்கே கிடைத்தால் ஒன்று எடுத்து வையுங்கள்.