பிழையே இல்லாத செய்தி

"மூணாவது மாடி அக்கா பாவம்டி. தனியாளு. எட்டரை மணிக்கு ஒரே ஒரு தட்டு கழுவுற சத்தம் கேக்கும். அப்புறம் பேச்சு மூச்சே இருக்காது."

"அப்ப சாயங்காலம் முட்டைக்கோஸைத் தூக்கிட்டு ஒருத்தர் ஏறுறாரே?"

"அவரா? சமைக்க வர்றவரா இருக்கும்."

படிக்கட்டின் திருப்பத்தில், கையில் முட்டைக்கோஸோடு நின்றுகொண்டிருந்தார் அந்தச் சமைக்க வர்றவர். இரண்டாவது மாடி வாசலில் பேசிக்கொண்டிருந்த, புதிதாகக் குடிவந்த பெண்கள் இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தும்வரை அவர் அசையவில்லை. முட்டைக்கோஸும் அசையவில்லை.

உண்மையில் அவர் மூணாவது மாடி அக்காவுக்கு இருபத்தாறு வருஷத்துப் புருஷன். ஒரு நாளிதழில் பிழை திருத்துபவர். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் துணைக்கால். ‘தினமும் ஒரு டம்ளர் பால்’ என்ற வரி, துணைக்காலை இழந்து ‘தினமும் ஒரு டம்ளர் பல்’ என்று அச்சுக்குப் போக இருந்ததைக் கடைசி நிமிடத்தில் பிடித்தவர் அவர்தான். அன்றிலிருந்து ஆரோக்கியப் பக்கம் முழுவதும் அவர் மேஜைக்கே வந்தது.

மற்றவர்கள் பிழையை மட்டும் திருத்திவிட்டு வீட்டுக்குப் போவார்கள். துணைக்கால் தன்னையும் திருத்திக்கொண்டு போனார். சர்க்கரை கெடுதல் என்று வந்த வாரம் சர்க்கரை டப்பா ஓய்வுபெற்றது. உப்பு கெடுதல் என்று வந்த வாரம் உப்பு ஜாடி பரண் ஏறியது. சின்னத் தட்டில் சாப்பிட்டால் குறைவாகச் சாப்பிடுவோம் என்று வந்ததும், காப்பி டம்ளருக்கு அடியில் வைக்கும் தட்டு அவருடைய சாப்பாட்டுத் தட்டாகப் பதவி உயர்ந்தது. எல்லாச் செய்திகளும் வெட்டப்பட்டு, குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டன. அந்தக் கதவின் நிறம் என்ன என்று இப்போது கேட்டால் இருவருக்குமே தெரியாது.

ஆறு மாதத்துக்கு முன்னால்தான் அந்தச் செய்தி வந்தது. இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு வாய் உணவையும் முப்பத்திரண்டு முறை மெல்ல வேண்டும்.

மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்கில் ஃபிரேமை வைத்துப் பார்த்து, "இதுதான் உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்று சொல்ல வேண்டும். கடையை மூடிவிட்டு வீடு வந்து சேர எட்டு மணி ஆகிவிடும்.

"ஒருநாளாவது எனக்காகக் காத்திருக்கக் கூடாதா?" என்று முதல் வாரம் அவள் கேட்டாள்.

"வயித்துக்கு உறவு தெரியாது" என்றார் துணைக்கால். சொன்னபோது அது அவருக்கே மிகவும் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மகளும் வேலை கிடைத்துத் தூரமாகப் போய்விட்டாள். துணைக்கால் ஆறு மணிக்குக் காயை வேகவைத்து, ஆறரைக்குச் சுவரைப் பார்த்தபடி மென்றார். ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணுவதுதான் அவருக்குப் பேச்சுத்துணை. அவளுடைய விடுமுறை நாளில் எதிரே வந்து உட்கார்ந்தாலும் பேச முடியாது. கணக்குத் தப்பிவிடும். அவள் வந்ததும் "வந்தாச்சா?" என்பார். "வந்தாச்சு" என்பாள். அவர் கூடத்தில் சாய்வு நாற்காலியில் கிடப்பார். சமையலறையில் தட்டு கழுவும் சத்தம் கேட்கும். அன்றைய குடும்ப வாழ்க்கை அத்துடன் முடிந்தது.

அந்த ஒரு தட்டுச் சத்தத்தைத்தான் கீழ்வீட்டுப் பெண் சொல்லிவிட்டாள்.

துணைக்காலுக்கு அன்று இருபத்தோராவது மெல்லலில் கணக்குத் தப்பியது. எழுந்துபோய்க் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தார். அவருடைய அடுக்கில் முட்டைக்கோஸ், கேரட், மறுபடியும் முட்டைக்கோஸ். அவளுடைய அடுக்கில் ஒன்றுமில்லை. அடுப்பின்மேல் இருந்த பாத்திரங்களைத் திறந்தார். கழுவிக் கவிழ்த்த மாதிரி காலி. அப்படியானால் அவள் இத்தனை நாளாக என்னத்தைத்தான் சாப்பிடுகிறாள்?

இனி சேர்ந்துதான் சாப்பிடுவது என்று அங்கேயே முடிவு செய்தார். ஆனால் எப்படிச் சொல்வது? வயிற்றுக்கு உறவு தெரியாது என்று சொன்ன அதே வாயால் சொல்ல முடியுமா? செய்தி சொல்லித் தொடங்கியதைச் செய்திதான் வந்து முடித்துவைக்க வேண்டும்.

மறுநாள் அலுவலகத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, ஆரோக்கியப் பக்கத்தின் அதே எழுத்தில், அதே பத்தி அகலத்தில் அவரே ஒரு செய்தி அடித்தார்.

‘சேர்ந்து உண்டால் செரிமானம் சிறக்கும்: வெளிநாட்டு நிபுணர் கருத்து. இரவு உணவை ஏழு மணிக்குள் தனியே உண்பதைவிட, எட்டரை மணிக்குத் துணையுடன் பேசிக்கொண்டே உண்பது நல்லது. ஐம்பது வயதைக் கடந்த கணவர்களுக்கும், கண்ணாடிக் கடை போன்ற இடங்களில் நின்றபடி வேலை செய்யும் மனைவியருக்கும் இது மிகவும் பொருந்தும்.’

மூன்று முறை படித்தார். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. புரூஃப் தாளில் எடுத்து, கத்தரித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை சாப்பிடவில்லை. காயை வேகவைத்து மூடினார். பரணிலிருந்து பெரிய தட்டுகள் இரண்டை இறக்கித் துடைத்து மேஜையில் வைத்தார். செய்தியைக் கதவின் நட்டநடுவில் ஒட்டினார். ஏழரைக்கு வயிறு ஒரு வார்த்தை கேட்டது. எட்டுக்குச் சண்டைக்கே வந்துவிட்டது.

"வந்தாச்சா?"

"வந்தாச்சு. என்ன, ரெண்டு தட்டு இருக்கு? யாராவது வர்றாங்களா?"

"கதவுல புதுச் செய்தி. பாக்கலையா?"

அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். மெதுவாகப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"யாரு இந்த நிபுணர்?"

"பேர் போடல."

"எந்த ஊராம்?"

"வெளிநாடுன்னு போட்டிருக்கே."

"வெளிநாட்டுல இருக்கறவருக்கு நான் நின்னுக்கிட்டே வேலை பாக்கறது எப்படித் தெரியும்?"

"ஆய்வு பண்ணியிருப்பாங்க."

"இன்னைக்குப் பேப்பரா?"

"இன்னைக்குத்தான்."

"கடைக்கும் உங்க பேப்பர் வருது. ஆள் இல்லாத நேரத்துல ஒரு எழுத்து விடாமப் படிப்பேன். இதைப் பாக்கலையே."

"எதுக்கு ஒரு எழுத்து விடாம?"

"நீங்க பாத்த பேப்பராச்சே" என்றாள். பிறகு, ஏதோ அதிகமாகச் சொல்லிவிட்டதுபோல் அவசரமாகத் தொடர்ந்தாள். "நீங்க திருத்தி அனுப்பினாலும் அப்புறம் யாராவது கை வச்சுக் கெடுத்துடறாங்க. நான் அந்தக் கடைக்குப் போற பதினேழு வருஷத்துல பிழையே இல்லாத ஒரு செய்தியை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

காந்தத்தை எடுத்துவிட்டுத் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளைவெளேரென்று இருந்தது.

"உங்க ஆபீஸ்ல விளம்பரம் அவ்வளவு குறைஞ்சுபோச்சா?"

துணைக்கால் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சரி. நான்தான் அடிச்சேன். நீ தினம் தனியா சாப்பிடறியேன்னுதான்."

"யாரு, நானா?"

"பின்னே?"

"நான் ஏழு மணிக்குக் கடையிலயே சாப்பிட்டுடறேனே! பின்னாடி ரூம்ல நாலு பேரு. லென்ஸ் தேய்க்கறவரு, பில் போடற பொண்ணு, கண்ணு பாக்கற அம்மா, நான். காலையிலயே ராத்திரிக்கும் சேர்த்துக் கட்டி எடுத்துக்கிட்டுப் போயிடறேன். அஞ்சு மாசமாச்சு. ஏழு மணிக்குள்ள சாப்பிடணும்னு நீங்கதானே கதவுல ஒட்டினீங்க? எனக்கு அஞ்சு கிலோ குறைஞ்சிருக்கு."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஆமாம், குறைந்துதான் இருந்தாள். அவருக்கு ஒன்றரை கிலோ ஏறியிருந்தது.

"அப்ப தினமும் கழுவற தட்டு?"

"வெறும் தட்டு."

"வெறும் தட்டை எதுக்குக் கழுவணும்?"

அவள் காந்தத்தைக் கதவில் ஒட்டினாள். எடுத்தாள். வேறு இடத்தில் ஒட்டினாள்.

"சத்தம் கேட்டா, என்னைக்காவது எழுந்து வந்து எட்டிப் பாப்பீங்கன்னு. ஒரு வாரம் செஞ்சு பாக்கலாம்னு ஆரம்பிச்சேன். அப்புறம் பழகிப்போச்சு."

கூடத்துச் சாய்வு நாற்காலியிலிருந்து சமையலறைக்குப் பதினான்கு அடி. நடை நல்லது என்ற செய்திக்காகத் தினமும் கூடத்தைச் சுற்றிச் சுற்றி எட்டாயிரம் அடி நடப்பவர் அவர். அவள் வீடு திரும்பிய பிறகு இந்தப் பதினான்கை அவர் நடந்ததே இல்லை.

பிறகு அவர் படிக்கட்டில் கேட்டதைச் சொன்னார். "சமைக்க வர்றவரா?" என்று கேட்டு அவள் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கீழ்வீட்டுக்குக் கண்டிப்பாகக் கேட்டிருக்கும்.

முட்டைக்கோஸை அவள்தான் பெரிய தட்டில் வைத்துக் கொடுத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க பேசுங்க. நான் எண்ணறேன்."

அவர் பேசினார். பத்தொன்பதுக்கு மேல் அவள் எண்ணியதாகத் தெரியவில்லை.

"நாளைக்கும் எட்டரைக்கா?" என்று கேட்டார்.

"எனக்கு ஏழு மணிக்குச் சாப்பிட்டாத்தான் உடம்புக்கு ஒத்துக்குது" என்றாள் அவள், தட்டை எடுத்துக்கொண்டே. "கடையில அஞ்சாவதா ஒரு ஸ்டூல் சும்மாத்தான் கிடக்கு. முட்டைக்கோஸ் மட்டும் வேண்டாம்."

மறுநாள் மாலை ஆறு ஐம்பதுக்குக் கண்ணாடிக் கடையின் கதவைத் தள்ளிக்கொண்டு, கையில் மூன்றடுக்கு டப்பாவோடு துணைக்கால் உள்ளே நுழைந்தார். பில் போடும் பெண் தலையை நிமிர்த்தினாள்.

"அக்கா, யாரோ வந்திருக்காங்க. யாருக்கா இது?"

மனைவி லென்ஸ் துடைக்கும் துணியை மடித்து வைத்தாள்.

"சமைக்க வர்றவர்."

துணைக்கால் பின்னறைக்குப் போய் ஐந்தாவது ஸ்டூலை இழுத்துப் போட்டார். டப்பாவைத் திறந்து, நான்கு தட்டுகளிலும் பரிமாறிவிட்டு, மிச்சத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.