குதிரைக்கு உறவுமுறை சொன்ன கொண்டக்டர் அண்ணை

ஒரு குதிரையைத் தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "இவர் தண்ணித் தாங்கி. எங்கடை சனம்தான், பயப்பிடாதை" என்று அறிமுகம் செய்துவைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், இருக்கிற கொண்டக்டர் அண்ணை. இதை நான் கற்பூரத்தில் அடித்துச் சத்தியமும் செய்வேன்.

அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருக்கத்தான் வேண்டும். எங்கள் ஒருவருக்கும் அது தெரியாது. கொடிகாமம் மினிபஸ்ஸில் கொண்டக்டராக இருந்து ஓய்ந்தவர். ஓய்ந்த பிறகும் கோயிலில் சனம் நெருக்கினால், "வாசல்லை நிக்காதேங்கோ, உள்ளுக்கை போங்கோ, உள்ளுக்கை இடம் கிடக்கு!" என்று சத்தம் போடுவார். உள்ளுக்கு இருப்பது மூலஸ்தானம். அங்கே ஐயரும் முருகனும்தான் நிற்கலாம்.

பஸ்ஸில் புதுமுகம் ஏறினால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. "தம்பி எவடம்? ஆற்றை மகன்?" என்று தொடங்குவார். இறங்குமுன் பக்கத்துச் சீற்றுக்காரருக்கும் அந்தத் தம்பிக்கும் ஒரு சொந்தம் கண்டுபிடித்துவிடுவார். "அறியாட்டித்தான் பிள்ளை பயம். அறிஞ்ச பிறகு என்ன பயம்?" என்று என்னிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்.

அவருடைய வீட்டுக்காரிக்கு, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவருக்கு, தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன் நடந்தது. வாசலில் நின்று அண்ணை நேர்ந்தார்: "முருகா, மனிசி நடந்து வீட்டை வரவேணும். வந்தாளெண்டால் வேட்டைத் திருவிழாவிலை உனக்கு முன்னாலை ஒரு உயிர்க் குதிரையை நடத்திக் காட்டுறன்."

வேட்டைத் திருவிழாவில் எங்கள் சுவாமி மரக்குதிரை வாகனத்தில்தான் வெளிவீதி வருவார். அதற்கு முன்னால் உயிர்க் குதிரை போனதாகச் சரித்திரமே இல்லை. முருகன் அருளால் அக்கா நடந்து வந்தா. நேர்த்தியைக் கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டா.

"ஊர்ச்சனம் தேங்காய் நேருது, காவடி நேருது. இந்த மனிசன் குதிரையை நேர்ந்துபோட்டு வந்து நிக்குது. முருகன் கேட்டவரே?"

முருகன் கேட்டாரோ இல்லையோ, குதிரை வந்தது. மலைப்பக்கத் தோட்டம் ஒன்றில் பிறந்து, றோட்டையே காணாத மட்டக்குதிரை. முழுதாக வளர்ந்தும் என் தோளுக்கு எட்டாது. மலையிலிருந்து வந்தவள் என்று அண்ணை அவளுக்கு வள்ளி என்று பெயர் வைத்தார். லொறியால் இறங்கிய நேரம் பார்த்துப் பனையிலிருந்து ஒரு காவோலை சரசரவென்று விழுந்தது. வள்ளி திரும்பவும் லொறிக்குள் பாய்ந்து ஏறிவிட்டாள். பனைக்குப் பயந்தால் யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம் போய் இருப்பது, சொல்லுங்கள்!

பனை மட்டுமா? வேலிப் படலை, சைக்கிள், வாழைக்குலை, பிளாஸ்டிக் வாளி, எங்கள் ஒழுங்கையில் இருக்கும் வாத்தியாரின் குடை எல்லாவற்றுக்கும் பயம். வாத்தியாரைக் கண்டும் பயம்தான். ஆனால் அவரைக் கண்டால் எங்களுக்கும் பயம்.

கோயில் தர்மகர்த்தா ஒருநாள் வந்து பார்த்தார். "கொண்டக்டர், உது வெருண்டு சனத்துக்குள்ளை பாஞ்சால் ஆர் பொறுப்பு? திருவிழா அண்டைக்கு ஓடாமல் நடந்தால் சரி. இல்லையோ, அவிட்டுக்கொண்டு போயிடவேணும். உம்மடை நேர்த்திக்காக நான் சனத்தைப் பலி குடுக்கேலாது."

"வள்ளியம்மனும் யானையைக் கண்டு பயந்தவதானே ஐயா? அந்தப் பயந்த பிள்ளையைத்தானே முருகன் கட்டினவர்?"

தர்மகர்த்தா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். வேலியோரம் நின்ற எனக்கு மெய்சிலிர்த்தது.

அடுத்த நாள் அறிமுகம் தொடங்கியது. மினிபஸ்ஸில் சனத்தைக் கையைப் பிடித்து இழுத்து ஏற்றியவர், வள்ளியின் கயிற்றை ஒருநாளும் இழுத்ததில்லை. எதைக் கண்டு பயந்தாளோ அதிலிருந்து தூரத்தில் அவளை நிறுத்துவார். தானும் பேசாமல் நிற்பார். அவளாக ஓரடி வைத்தால், "ஓம், போய்ப் பார்" என்பார். மூக்கால் தொட்டுவிட்டால் ஒரு துண்டுப் பனங்கட்டி. பிறகு பஸ்ஸை எடுக்கச் சொல்வதுபோல முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "றைற்!"

ஒருநாள் என் படலையடியில் நின்று கூப்பிட்டார். "பிள்ளை, கொடியிலை காயுற உந்த நீலச் சீலையை ஒருக்கால் தாரும். இவ அதைக் கண்டு மூண்டு வீட்டுக்கு அங்காலை நிக்கிறா."

கல்யாணக் கூறைக்கு அடுத்தபடி நான் வைத்திருந்த நல்ல சீலை அது. முருகன் காரியமென்று கொடுத்தேன். வள்ளி கிட்ட வந்தாள், மணந்து பார்த்தாள், பிறகு தலைப்பை வாய்க்குள் போட்டுச் சப்பத் தொடங்கினாள்.

"பாத்தீரே, சிநேகிதமாயிட்டா!" என்றார் அண்ணை.

பாட்டுப் போட்டுக்கொண்டு பாண், பணிஸ் விற்க வரும் பேக்கரி ஓட்டோவை அறிமுகம் செய்ததுதான் பெரிய பிழை. பாண்காரத் தம்பி பனங்கட்டிக்குப் பதிலாக ஒரு பணிஸ் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு பாட்டுக் கேட்டால் வள்ளியைப் பிடிக்க முடியாது. முந்தி ஓட்டோவைக் கண்டு குதிரை ஓடியது. இப்போது குதிரையைக் கண்டு ஓட்டோ ஓடியது.

தவில் சத்தத்தைப் பழக்க அக்காவைப் பிடித்தார். அவ கட்டிலில் இருந்தபடியே சருவச்சட்டியில் முதலில் மெல்லவும், பிறகு பலமாகவும் தட்டினா. "ஒப்பரேசன் செய்த மனிசியைத் தவில்காரி ஆக்கினது இந்த உலகத்திலை நீங்கள் ஒராள்தான்" என்று அவ திட்டத் திட்டத் தாளம் நன்றாக அமைந்தது. வள்ளி காதை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

வேட்டைத் திருவிழா வந்தது. சுவாமி வெளியே வந்தார். முன்னால், நெற்றியில் விபூதியும் கழுத்தில் பூமாலையுமாக வள்ளி. பக்கத்தில் புது வேட்டியோடு அண்ணை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தா. தவில் முழங்கியது, வள்ளி அசையவில்லை. வெடி போட்டார்கள், அசையவில்லை. தெற்கு வீதியில் திரும்பும்போது ஆகாயத்தில் 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனம் பார்ப்பதற்கென்று யாரோ ட்ரோன் கமரா விட்டிருந்தார்கள். இராட்சத வண்டு மாதிரி அது வள்ளியின் தலைக்கு நேரே வந்து நின்றது.

வள்ளி விறைத்துப்போனாள். கண்ணின் வெள்ளை தெரிய, காதைப் பின்னால் மடித்துக்கொண்டாள்.

"அப்பவே சொன்னனான்! கொண்டுபோம், கொண்டுபோம்!" என்று தர்மகர்த்தா ஓடிவந்தார்.

அண்ணை அண்ணாந்து பார்த்தார். "பிள்ளை, உதை எனக்கே ஒருத்தரும் அறிமுகம் செய்யேல்லையே" என்றார் என்னிடம். அக்காவைப் பார்த்தார். அவ "முருகா" என்றா. உடனே அவர் கையை உயர்த்தி, பஸ்ஸை நிறுத்தும் தன் பழைய குரலில் கத்தினார்: "ஓல்டன்!"

எல்லாரும் அவருடைய மினிபஸ்ஸில் தொங்கி வளர்ந்த சனம். தவில் நின்றது, நாயனம் நின்றது. சுவாமி தூக்கியவர்களும் நின்றார்கள்.

"கமராத் தம்பி, உதை இறக்கிக்கொண்டு இஞ்ச வாரும். நீர் ஆற்றை மகன்?"

"சங்கக்கடை மனேச்சற்றை மகன், அண்ணை."

"அட, அப்ப எங்கடை மனிசிக்கு மருமோன் முறையெல்லே! வள்ளி, கேட்டியே? மச்சான்தான் கொண்டுவந்திருக்கிறார்."

தர்மகர்த்தா வாயைத் திறக்க, ஐயர் கையால் மறித்தார். "அவ பாக்கட்டும். சுவாமி அவசரப்படேல்லை."

அப்படித்தான் அன்றைக்கு, வேட்டைக்குப் புறப்பட்ட முருகன் தெற்கு வீதியில் காத்துக்கொண்டு நின்றார். அண்ணை கயிற்றைத் தளரவிட்டுப் பேசாமல் நின்றார். வள்ளி ஓரடி வைத்தாள். நின்றாள். இன்னோரடி வைத்தாள். மூக்கை நீட்டி, கமராத் தம்பி இறக்கி நிலத்தில் வைத்திருந்த அந்த வண்டைத் தொட்டு, அதன்மேல் ஒரு தும்மல் தும்மினாள்.

"றைற்!" என்றார் அண்ணை. சனம் முழுக்க "அரோகரா" என்றது. வள்ளி நடந்தாள், சுவாமி பின்னால் வந்தார். அக்கா அழுதுகொண்டே, "விசர் மனிசன்" என்றா.

நானும் அழுதேன். நான் மன்னாரிலிருந்து கல்யாணம் முடித்து இந்த ஒழுங்கைக்கு வந்தவள். ஒரு சனம் தெரியாது, வெளியே தலைகாட்டவே பயம். அண்ணைதான் என்னை ஒவ்வொரு வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போனார். ஆனால் ஒரு வீட்டுக்குள்ளும் அழைத்துப் போகவில்லை. "நல்ல சனம், வாய்தான் கொஞ்சம் நீளம்" என்று சொல்லிவிட்டுத் தூரத்தில் நிற்பார். நானாகப் படலையைத் தள்ளும்வரை பேசாமல் நிற்பார்.

திரும்பி வரும்போது பனங்கட்டியும் தந்தவர்.