டிஷ்யூ பாக்கெட் சாம்ராஜ்யம்

புது ஆசிரியர்களுக்கு வரும் வியாதிகளிலேயே மோசமானது, எதையாவது புதுமையாகச் செய்து பார்ப்பது. எனக்கு அது முற்றிப்போயிருந்தது. சிங்கப்பூரில், தெம்பனிஸ் பக்கம் ஓர் உயர்நிலைப்பள்ளியில் வரலாறும் குடிமையும் நடத்திக்கொண்டிருந்தேன். துறைத் தலைவர் திருமதி ரெபேக்கா என் வகுப்பைப் பார்வையிட வருவதாக இருந்தது. அவருக்குத் திருப்தியானால்தான் வேலை நிரந்தரம். பாடம், காலனி ஆட்சி. பேசாமல் புத்தகத்தைத் திறந்து நடத்தியிருந்தால் பிழைத்திருப்பேன்.

நான் நாடகம் போட்டேன். எங்கள் ஊர் உணவங்காடியில் மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போனால், அந்த இடம் நமக்குத்தான். இப்படி இடம் பிடிப்பதை 'சோப்' பண்ணுவது என்போம். பாதி மாணவர்கள் வெள்ளைக்காரர்கள். எல்லா நாற்காலியிலும் பாக்கெட் வைத்து நாட்டைப் பிடிக்க வேண்டும். மீதிப் பேர் மண்ணின் மைந்தர்கள், கொதித்தெழ வேண்டும். (தேக்கா சந்தையில் பை நிறைய டிஷ்யூ வாங்கினேன். "வீட்ல எல்லாருக்கும் சளியாம்மா?" என்று கடைக்காரர் அக்கறையாக விசாரித்தார்.)

வெள்ளைக்காரர்கள் பிரமாதப்படுத்தினார்கள். மண்ணின் மைந்தர்கள் உள்ளே வந்தார்கள், பாக்கெட்டுகளைப் பார்த்தார்கள், திரும்பிப் போய் வெளியே வரிசையாக நின்றுகொண்டார்கள்.

பின்னாலேயே ஓடினேன். (பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். ஆனால் மானம் போன கதையைத் தாய்மொழியில் சொன்னால்தான் எனக்குத் திருப்தி.)

"உங்க இடத்தைப் பிடிச்சுட்டாங்க! கோவம் வரலையா?"

"அவங்க சோப் பண்ணிட்டாங்களே, டீச்சர்," என்றான் கார்த்திக். போராட்டத் தலைவனாக நான் நியமித்தவன் அவன்தான்.

"அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போடு!"

கோயில் உண்டியலை உடைக்கச் சொன்னதுபோல என்னைப் பார்த்தான். "அது தப்பு லா, டீச்சர். நாங்க பக்கத்து கிளாஸ்ல இடம் இருக்கான்னு பாக்குறோம்."

உள்ளே திரும்பினால், திருமதி ரெபேக்கா சுவரோரம் நின்றபடி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அவருக்காக நான் துடைத்துப் போட்டிருந்த நாற்காலியிலும் ஒரு பாக்கெட். மணி அடிக்கும்வரை நின்றேதான் பார்த்தார். வேலை போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அறைக்குக் கூப்பிட்டார். "புரட்சி எதுவும் நடக்கலையே," என்றார்.

எப்படியும் வேலை போகப்போகிறது என்ற தைரியத்தில் கேட்டுவிட்டேன். "நீங்க ஏன் மேடம் அதை எடுத்துட்டு உக்காரல? அது உங்க நாற்காலி."

பேனாவை மூடி வைத்தார்.

"டிஷ்யூ இருந்துச்சேம்மா!"

அப்புறம் நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். 'ஏன் யாருமே எடுக்கவில்லை?' என்ற கேள்வியோடு அடுத்த வகுப்பைத் தொடங்கச் சொன்னார். நான் உருப்படியாக நடத்திய முதல் குடிமைப் பாடம் அதுதான். வேலையும் நிரந்தரமானது.

வீட்டில்தான் மானம் திரும்பவில்லை. டிவியில் பந்தாட்டம் இருக்கும் நாளில் என் கணவர் சோபாவின் நல்ல மூலையில் ஒரு பாக்கெட்டை வைத்துவிட்டுக் குளிக்கப் போவார். "விடாதீங்கம்மா, புரட்சி பண்ணுங்க!" என்று மகள் கத்துவாள். காலனி ஆட்சியை எதிர்ப்பது எப்படி என்று வருடாவருடம் பாடம் நடத்தும் நான், ஒரு தலையணையை எடுத்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்காருவேன்.